பேசாத சாட்சி: கோல்ஃப் மட்டையும் விளம்பரக் காசும் – சில குறிப்புகள்

கோல்ஃப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றதும் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். 'நமக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?' நியாயமான கேள்விதான். கோல்ஃப் மட்டையை நான் கையால் தொட்டதுகூட இல்லை. நடைபாதைப் புத்தகக் கடையில் கட்டாகக் கிடந்த பழைய அமெரிக்க கோல்ஃப் பத்திரிகைகளை எடைக்குப் பேசி வாங்கிவந்தேன். கட்டுரைகளுக்காக அல்ல, விளம்பரங்களுக்காக. ஒரு சமூகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதைகளை அதன் இலக்கியத்தில் தேடுவதைவிட விளம்பரத்தில் தேடுவது சுலபம் என்று நினைக்கிறவன் நான். பத்து இதழ்களைப் புரட்டியதுமே ஒன்று தெரிந்தது. மட்டை மாறுகிறது, பந்து மாறுகிறது, ஆட்டக்காரர் மாறுகிறார். வாக்கியம் மட்டும் மாறுவதில்லை.

அந்த வாக்கியத்தின் இலக்கணம் தமிழ் படித்தவர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மூன்றாம் வேற்றுமையில் 'ஆல்' கருவியைக் குறிக்கும், 'ஓடு' உடனிகழ்ச்சியைக் குறிக்கும். வாளால் வெட்டினான் என்பது வேறு, வாளோடு வந்தான் என்பது வேறு. வென்றவன் கையில் ஒரு மட்டை இருந்தது, மட்டையோடு வென்றான் என்பது புகைப்படம் காட்டுகிற உண்மை. விளம்பரம் இந்த 'ஓடு'வை 'ஆல்' ஆக்கிவிடுகிறது: இந்த மட்டையால் வென்றான், ஆகவே நீயும் வாங்கு. இரண்டுக்கும் அடியில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. அது நான்காம் வேற்றுமையில் இருக்கிறது: பணத்துக்கு மட்டை பிடித்தான். அச்சில் வராதது அந்த ஒன்றுதான். கோல்ஃப் கருவி விளம்பரத்தின் சரித்திரம் என்பது இந்த நான்காம் வேற்றுமையை மறைத்துவைத்த சரித்திரம் என்பது என் வாசிப்பு.

இதன் தொடக்கம் 1900. ஹாரி வார்டன் ஜெர்சி தீவுக்காரர், தோட்டக்காரரின் மகன், அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர். அமெரிக்காவின் ஸ்பால்டிங் கம்பெனி அவர் பெயரில் 'வார்டன் ஃப்ளையர்' என்று ஒரு பந்து போட்டு, அதைப் பிரபலப்படுத்த அவரை அமெரிக்கா முழுக்கச் சுற்றவைத்தது. ஊர் ஊராகப் போய் ஆடினார். பாஸ்டன் நகரத்தில் ஒரு பெரிய அங்காடிக்குள்ளேயே வலை கட்டி, கூட்டத்துக்கு முன்னால் மணிக்கணக்காக அடித்துக் காட்டினார். அடித்து அடித்துச் சலித்துப்போய் கூரையில் இருந்த தீயணைப்புக் குழாயின் முனையைக் குறிவைக்க ஆரம்பித்தாராம். கூத்தாடியின் சலிப்பு அது. அந்த ஆண்டு அக்டோபரில் சிகாகோ அருகே நடந்த அமெரிக்க ஓப்பனையும் வென்றார். கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் வார்டன் ஃப்ளையர் கட்டாபெர்ச்சா பந்து. மலாயாக் காடுகளின் மரப்பிசினை உருட்டிச் செய்வது; 'கட்டாபெர்ச்சா' என்பதே மலாய்ச் சொல்தான். அவர் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தபோதே அந்தப் பந்துக்கு நாள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தது. கோபர்ன் ஹாஸ்கல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றி உள்ளே வைத்துச் செய்த பந்துக்கு 1899இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அது இன்னும் தூரம் போனது. சுமாராக அடிப்பவன் அடித்தாலும் போனது. 1902இல் ஹாய்லேக்கில் நடந்த பிரிட்டிஷ் ஓப்பனில் சாண்டி ஹெர்ட், அதுவரை அந்தப் பந்தை நம்பாதவர், பயிற்சியின்போது ஒன்றை அடித்துப் பார்த்துவிட்டு மனசு மாறினார். அந்த ஒரு பந்தை வைத்துக்கொண்டே நான்கு சுற்றும் ஆடினார். கடைசியில் அதன் மேலுறை கிழிந்து உள்ளே இருந்த ரப்பர் வெளியே தெரிந்ததாகச் சொல்வார்கள். ஹெர்ட் 307, வார்டன் 308. பழைய பந்தோடு ஆடிய வார்டன் ஒரே ஒரு ஷாட்டில் தோற்றார்.

கட்டாபெர்ச்சா பந்துதான் ஆட்டத்துக்கு நல்லது, அதில்தான் திறமை தெரியும் என்று வார்டன் பின்னாலும் சொல்லிவந்தார். இதை எப்படி வாசிப்பது? காசு வாங்கிட்டுப் பேசறான் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அவர் அதை நிஜமாகவே நம்பியிருக்கலாம். மென்மையாக அடித்துப் பந்தைச் சரியாக வைக்கத் தெரிந்த கைக்கு அந்தப் பந்து பிடித்திருக்கத்தான் செய்யும். கையின் அனுபவமும் ஒப்பந்தத்தின் நிபந்தனையும் அவர் வாயிலிருந்து ஒரே வார்த்தைகளாக வருகின்றன. காசு ஆட்டக்காரனைப் பொய் சொல்லவைக்கிறது என்பதல்ல நான் சொல்லவருவது. அப்படியிருந்தால் விஷயம் சுலபம், பொய்யைக் கண்டுபிடித்துவிடலாம். காசு செய்வது வேறு: அவன் உண்மை சொன்னாலும் அது உண்மைதானா என்று தெரியாமல் ஆக்கிவிடுகிறது. கேட்கிறவனுக்கு மட்டுமல்ல, கொஞ்ச காலத்தில் சொல்கிறவனுக்கும்.

இங்கே புறநானூறு ஞாபகத்துக்கு வருகிறது. பரிசில் வாங்கிப் பாடிய புலவர்களைக் கூலிக்கு மாரடித்தவர்கள் என்று நம்மில் சிலர் எழுதியதுண்டு. ஆனால் பாடாண் திணையில் ஒரு நேர்மை இருக்கிறது. யானை கேட்டது, தேர் கிடைத்தது, கிடைக்காதது எல்லாமே பாட்டுக்குள்ளேயே இருக்கும். பரிசில் கேட்பதற்கென்றே 'பரிசில் கடாநிலை' என்று துறை வகுத்துவைத்திருக்கிறோம். தன்னை நேரில் பார்க்காமல் அதியமான் கொடுத்தனுப்பியதை வாங்க மறுத்து, நான் வியாபாரத்துக்குப் பாடுகிறவன் அல்ல என்ற பெருஞ்சித்திரனாரின் கோபமும் பாட்டுக்குள்ளேதான் இருக்கிறது. நான்காம் வேற்றுமை அங்கே ஒளிந்துகொள்ளவில்லை. (மன்னர்களை நான் நல்லவர்களாக்கவில்லை, பிரதியின் ஒழுங்கைத்தான் பேசுகிறேன்.)

கோல்ஃபில் இந்த மறைப்புக்குத் துணைபோனது ஒரு விசித்திரமான அறவியல்: 'அமெச்சூர்' என்ற கருத்து. காசுக்கு ஆடாதவனே கனவான். அமெரிக்க கோல்ஃப் சங்கம் இதை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்தது என்பதற்கு பிரான்சிஸ் விமெட் உதாரணம். மட்டைப் பை தூக்கும் பையனாக இருந்து, 20 வயதில், 1913 அமெரிக்க ஓப்பனில் அதே வார்டனை வென்றவர். விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் பங்கு வைத்திருந்தார் என்பதற்காக 1916இல் அவருடைய அமெச்சூர் தகுதியைப் பறித்தார்கள். 1918இல் திருப்பிக் கொடுத்தார்கள். பை தூக்கிய பையன் கடை வைத்துப் பிழைத்தால் குற்றம். மேட்டுக்குடியின் ஓய்வுக்குத்தான் 'தூய்மை' என்று பேர். கிடக்கட்டும்.

பாபி ஜோன்ஸ் இந்தத் தூய்மையின் உச்சம். வக்கீல். காசுக்கு ஆடாதவர். 1930இல் அமெரிக்க, பிரிட்டிஷ் ஓப்பன் இரண்டையும் அமெச்சூர் போட்டிகள் இரண்டையும் ஒரே ஆண்டில் வென்றுவிட்டு, 28 வயதில் ஓய்வு பெற்றார். 1931இல் வார்னர் பிரதர்ஸ் அவரை வைத்துக் குறும்படங்கள் வெளியிட்டது. 1932இல் ஸ்பால்டிங் அவர் பெயர் பொறித்த மட்டைகளைக் கடைக்குக் கொண்டுவந்தது. இதுவரை சரி. ஆனால் ஜோன்ஸ் வென்றதெல்லாம் ஹிக்கரி மரத்தண்டு மட்டையால். கடைக்கு வந்ததோ எஃகுத்தண்டு. அமெரிக்காவில் எஃகுத்தண்டு 1924இலேயே அனுமதிக்கப்பட்டுவிட்டது. உற்பத்தியும் தொழிற்சாலையில் அதற்கு மாறிவிட்டது. அந்த எஃகின் மேல் மரம் போலத் தெரிவதற்காக மஞ்சள் பழுப்பில் ஒரு பூச்சுக் கொடுத்தார்கள்!

இந்தப் பூச்சை நான் நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். எஃகு மரத்தைவிட மோசம் என்றில்லை. ஒரே மாதிரி வளையும், உடையாது, மழைக்கு ஊறாது. உண்மையிலேயே அது நல்ல தண்டு. அப்புறம் எதற்கு வேஷம்? வாங்குகிறவன் வாங்குவது தண்டை அல்ல, 1930ஐ. அந்த 1930 மரத்தில் இருந்தது. பொருள் தன் சொந்த நியாயத்தில் நிற்க முடிந்தபோதும் அதை நிற்கவிடாமல் இன்னொருவனுடைய வெற்றியைப் போர்த்திவிடுகிறார்கள். பண்டத்தின் மாயை என்று மார்க்ஸ் சொன்னதற்கு இவ்வளவு பச்சையான உதாரணம் கிடைப்பது அபூர்வம்.

எதிர் உதாரணமும் உண்டு. ஜீன் சாரசன் 1920களின் தொடக்கத்தில் வில்சன் கம்பெனியோடு செய்துகொண்ட ஒப்பந்தம் 1999இல் அவர் சாகும்வரை நீடித்தது. (வில்சனின் பூர்வீகம் சிகாகோ இறைச்சித் தொழில். கசாப்பில் மிஞ்சும் குடலை டென்னிஸ் மட்டை நரம்பாக்கி விற்கத் தொடங்கிய கம்பெனி.) மணல்குழியிலிருந்து பந்தை எடுக்கும் மட்டையை இன்று நாம் அறியும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் சாரசன், உலோகத்தை ஒட்டி, தேய்த்து, தானே பட்டறையில் செய்துபார்த்தார். 1932 பிரிட்டிஷ் ஓப்பனை அதோடு வென்றார். 'அதால்' என்று சொன்னாலும் தப்பில்லை. கை முதலில், காசு பின்னால். இப்படியும் நடந்திருக்கிறது என்பதால்தான் அந்த மற்ற வாக்கியங்களும் நம்பும்படி ஒலிக்கின்றன.

போருக்குப் பிந்திய காலத்தில் ஒரு புது உத்தி வருகிறது: எண்ணிக்கை. டைட்லிஸ்ட் பந்தின் தோற்றக்கதை அறிவியலின் வாசனை வீசுவது. மாசசூசெட்ஸில் ரப்பர் கம்பெனி வைத்திருந்த ஃபில் யங் நன்றாகத் தட்டியும் பந்து குழிக்குள் போகாமல் விலகிப்போக, பல் டாக்டர் நண்பரிடம் கொண்டுபோய் பந்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார். நடுமையம் நடுவில் இல்லை. 1935இல் டைட்லிஸ்ட் வந்தது. 1949 அமெரிக்க ஓப்பனில் மற்றெந்தப் பந்தையும்விட அதிகம் பேர் டைட்லிஸ்ட் அடித்தார்கள் என்பதிலிருந்து அவர்களுடைய 'முதலிடம்' தொடங்குகிறது. யார் பையில் எந்த மட்டை, எந்தப் பந்து என்று ஆட்டம் தொடங்கும் இடத்தில் ஆள் நின்று குறித்துக்கொள்வார்கள். டாரல் சர்வே என்ற நிறுவனம் 1930களிலிருந்து இதையே தொழிலாக நடத்தியது. கம்பெனிகள் காசு கொடுத்து அந்தக் கணக்கை வாங்கின, விளம்பரத்தில் போட்டன.

கணக்கு பொய்யல்ல. எண்ணியவர் ஒழுங்காகத்தான் எண்ணினார். கேள்வி வேறு: பைக்குள் அந்த மட்டை எப்படி வந்தது? ஒப்பந்தக்காரர்கள் ஒருபுறம். ஒப்பந்தம் இல்லாதவர்களுக்கும் 'இந்த வாரம் எங்கள் டிரைவரை வைத்து ஆடு, இவ்வளவு டாலர்' என்று வாரக்கூலி கொடுக்கும் வழக்கம் வந்தது. கூலி கொடுத்து நிற்கவைத்த தலைகளை எண்ணி, 'பாருங்கள், எவ்வளவு தலைகள்' என்பது நம்மூர் மாநாட்டு லாரிகளை அறிந்தவர்களுக்குப் புதிதல்ல. நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும்: டைட்லிஸ்ட் பந்தைச் சம்பளம் வாங்காமலே அடிப்பவர்களும் கணிசமானவர்கள். ஆனால் மொத்த எண்ணிக்கையில் இவர் யார், அவர் யார் என்று பிரித்துக் காட்டும் விளம்பரம் ஒன்றுகூட அந்தக் கட்டில் என் கண்ணில் படவில்லை. டைட்லிஸ்டின் உரிமையாளரான அகுஷ்நெட் கம்பெனி இந்த அமைப்புக்குக் கொடுத்திருக்கும் பெயர் 'செல்வாக்குப் பிரமிடு'. உச்சியில் தொழில்முறை ஆட்டக்காரர். அடியில் வாரக்கடைசியில் ஆடும் குமாஸ்தா. பிரமிடு என்று அவர்களே சொல்லிவிட்ட பிறகு விமர்சகனுக்கு வேலையில்லை.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. பந்து எவ்வளவு தூரம்தான் போவது என்று கவலைப்பட்ட அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1976இல் ஓர் உச்சவரம்பு வைத்தது. குறிப்பிட்ட வேகத்தில் இயந்திரம் அடிக்கும்போது பந்து இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக் கூடாது. அந்த இயந்திரத்துக்குப் பெயர் 'அயர்ன் பைரன்'. பைரன் நெல்சன் என்ற ஆட்டக்காரரின் வீச்சைப் பார்த்து வடிவமைத்ததால் அந்தப் பெயர். நெல்சனின் உடம்பு, ஆனால் ஒப்பந்தம் இல்லாத உடம்பு. காசு வாங்காத ஒரே சாட்சி அதுதான். அதன் சாட்சியத்தை வைத்து விளம்பரம் செய்தால் எல்லாப் பந்தும் ஏறக்குறைய ஒரே தூரம் போகும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். யார் வாங்குவான்? பண்டங்கள் ஒன்றுபோல ஆக ஆக வேறுபாட்டைக் கையெழுத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. மட்டைக்கும் பின்னால் இப்படி வரம்பு வந்தது. அதற்குப் பிறகும் 2012இல் டெய்லர்மேட் தன் 'ராக்கெட்பால்ஸ்' மட்டை 17 யார்டு கூடுதலாக அடிக்கும் என்றது. ஆண்டுதோறும் விளம்பரங்கள் வாக்களித்த யார்டுகளை நானே ஒரு தாளில் கூட்டிப் பார்த்தேன். எந்த மைதானமும் கொள்ளாது.

2000இல் கேலவே கம்பெனி, சங்கத்தின் வரம்பை மீறிய 'ஈ.ஆர்.சி. 2' டிரைவரை விற்கத் துணிந்தபோது அதற்குப் பரிந்து பேசியவர் ஆர்னால்ட் பாமர். பல ஆண்டுகளாகச் சங்கத்தின் உறுப்பினர் சேர்க்கைக்கே முகமாக இருந்தவர், அந்த ஆண்டுதான் கேலவேயோடு ஒப்பந்தம் செய்திருந்தார். பொழுதுபோக்குக்கு ஆடுகிறவன் சந்தோஷமாக ஆடிவிட்டுப் போகட்டுமே என்பது அவர் வாதம். யோசித்தால் அது மோசமான வாதமல்ல, ஜனநாயகமானதுகூட. ஆனால் யார் அதை வாதமாகக் கேட்டார்கள்? எதிர்த்தவர்கள் காசைக் கேட்டார்கள், விரும்பியவர்கள் பாமரைக் கேட்டார்கள். வாதம் நடுவில் செத்துப்போனது. வார்டன் கதைதான் இதுவும், நூறு ஆண்டு கழித்து.

அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் விளம்பரப் பரிந்துரைகளுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு நெறிகளில் ஒரு கோல்ஃப் உதாரணம் வருகிறது. புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஒருவர் ஒரு கம்பெனியின் பந்தை அடித்துக்கொண்டிருப்பதாக விளம்பரம் காட்டினால், அவர் வாயே திறக்காவிட்டாலும் அது பரிந்துரைதான். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு குறியியல் பாடம்! மௌனமும் சொல்லாடலே. அதே நெறிகள் இன்னொன்றும் சொல்கின்றன: பயன்படுத்துவதாகக் காட்டினால் அப்போது அதை உண்மையிலேயே பயன்படுத்துபவராக இருக்க வேண்டும். ஏன் பயன்படுத்துகிறார் என்ற இடத்துக்குச் சட்டம் போவதில்லை.

டைகர் உட்ஸுக்கு வருவோம். 1996இல் தொழில்முறைக்கு வந்தவுடன் நைக்கி 5 ஆண்டுக்கு 40 மில்லியன் டாலர் கொடுத்ததாகச் செய்தி. 1999இல் அந்த நைக்கி விளம்பரம்: மட்டை நுனியில் பந்தைத் தட்டித் தட்டி, காலிடுக்கில், முதுகுக்குப் பின்னால் துள்ளவிட்டு, கடைசியில் அந்தரத்திலேயே அடித்து அனுப்புவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். அப்போது ஒப்பந்தப்படி அவர் டைட்லிஸ்ட் பந்துக்காரர். நைக்கி பந்தை அடிப்பதுபோல் தோற்றம் தருகிறது என்று அகுஷ்நெட் வழக்குப் போட்டது, பின்னர் சமரசமானது. கவனிக்க: வழக்குப் போட்டது பந்தை வாங்கி ஏமாந்தவன் அல்ல. மௌனத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த கம்பெனி.

2000 மே மாதம் உட்ஸ் நிஜமாகவே நைக்கி பந்துக்கு மாறினார். ஜூனில் அமெரிக்க ஓப்பனை 15 ஷாட் வித்தியாசத்தில் வென்றார். அந்தப் பந்தைச் செய்தது நைக்கி அல்ல, ஜப்பானின் பிரிட்ஜ்ஸ்டோன். அவர் அடிப்பதும் கடையில் அதே பெயரில் விற்பதும் ஒரே பந்தல்ல என்று கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கும் வந்தது. அவருக்கென்று செய்த வகை பின்னால் அவர் பெயரின் எழுத்துக்களோடு கடைக்கு வந்தது. 2003இல் ஃபில் மிக்கெல்சன், அப்போது டைட்லிஸ்ட் ஆள், இவ்வளவு மட்டமான கருவிகளை வைத்துக்கொண்டும் ஜெயிக்கக்கூடிய ஆள் உட்ஸ் ஒருவர்தான் என்கிற அர்த்தத்தில் பேசிவிட்டார். பெரிய ரகளை. அவர் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்றா இல்லையா என்பதைவிட, அவர் சொன்னது சரியா என்று மட்டையை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை என்பதுதான் என் கவலை. போட்டிக் கம்பெனிக்காரன் பேச்சு என்று அங்கேயே முடித்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே மிக்கெல்சன் கேலவேக்குப் போய்விட்டார்.

2016 ஆகஸ்டில் நைக்கி மட்டை, பந்து வியாபாரத்தையே மூடியது. உட்ஸ் பிரிட்ஜ்ஸ்டோன் பந்துக்கும் டெய்லர்மேட் மட்டைக்கும் ஒப்பந்தம் போட்டார். அவற்றோடு 2019 மாஸ்டர்ஸை வென்றார்.

ஒரு மட்டை மட்டும் இந்தக் கணக்கில் வராது. குழிக்குள் பந்தைத் தட்டிவிடும் பட்டர். 1999இலிருந்து அவர் வைத்திருந்தது ஸ்காட்டி கேமரன் செய்தது, அதாவது டைட்லிஸ்ட் வீட்டுப் பொருள். நைக்கி அத்தனை பணம் கொடுத்த காலத்திலும், அவர்களே பட்டர் விற்ற காலத்திலும், 2010 வரை அதை அவர் விடவில்லை. பிறகும் அதற்கே திரும்பினார். அவருடைய 15 பெரிய பட்டங்களில் 14 அதோடு வந்தவை. அதன் கைப்பிடி பிங் கம்பெனியுடையது. கம்பெனி பெயர் தெரியாமல் கறுப்பாக்கிவைத்திருந்தார். எஃகை மரமாகக் காட்டிய பூச்சு ஒருபுறம், பெயரை அழித்த இந்தக் கறுப்பு ஒருபுறம். இதை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்று யாரும் அவருக்குக் காசு கொடுத்துக் கேட்கவில்லை. அவரும் அதை விளம்பரத்தில் சொல்லவில்லை.

அந்தப் பட்டருக்கு மாற்றாகச் செய்துவைத்திருந்த, அவர் போட்டியில் ஆடாத ஒரு பட்டர் 2021இல் ஏலத்துக்கு வந்தது. சுமார் 3.9 லட்சம் டாலருக்குப் போனது.